ஐஸ் உருகிய பிறகு

எண்பதுகளில் நாவலூரைத் தாண்டி, கடலோரக் குப்பம் ஒன்றில் எனக்குக் கிராம செவிலியர் வேலை. என் ஆறு மாதக் குழந்தையைத் தாம்பரத்தில் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போவேன். திரும்பி வர மதியம் ஒரே பஸ்தான்.

அன்று குழந்தைக்குக் காய்ச்சல். போலியோ மருந்துப் பெட்டியோடு பஸ்ஸுக்கு நின்றபோது, கைக்குழந்தையுடன் ஒருத்தி ஓடி வந்தாள்.

"நில்லுக்கா, மீன் வித்துட்டு இப்பதான் வரேன். புள்ளைக்கு ஊத்திட்டுப் போ."

பெட்டியைத் திறந்தேன். ஐஸ் முழுக்க உருகி, தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. குளிர் விட்டுப்போன மருந்தை நம்ப முடியாது என்று எனக்குத் தெரியும். ஆனால் தூரத்தில் பஸ் தெரிந்தது; அவளுக்கு விளக்கிக்கொண்டு நின்றால் அது போய்விடும். இரண்டு சொட்டு விட்டு, போட்டாயிற்று என்று அவள் குழந்தையின் தடுப்பூசி அட்டையில் எழுதிக் கொடுத்தேன்.

என் குழந்தைக்குக் காய்ச்சல் விட்டது. எனக்குத்தான் நிம்மதி இல்லை. அடுத்த வாரம் அவள் வீட்டுக்கே போய், நடந்ததைச் சொல்லி, நல்ல மருந்து கொடுத்தேன்.

அவள் திட்டவில்லை. "உன் புள்ளைக்கும் இப்படித்தான் ஊத்துனியாக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

"இல்லை" என்றேன்.

உண்மையைச் சொல்லிவிட்டால் மனசு லேசாகும் என்று நம்பித்தான் போயிருந்தேன். அந்த ஒரு வார்த்தையைச் சொன்ன பிறகு, அவள் முகத்தைப் பார்த்துப் பேச எனக்குப் பல மாதம் ஆயிற்று.