தூக்கிப் போடாத மருந்து

சூலியா தெருவுக்கு அடுத்த சந்தில் உள்ள கண் கிளினிக்கில் மோனிக்கா பல வருடங்களாக வேலை செய்கிறாள். பார்வை சோதனைக்கு ஆட்களை உட்கார வைப்பது, கண்ணாடி ஃபிரேம் எடுத்துக் காட்டுவது, கண்ணில் சொட்டு மருந்து விடுவது எல்லாம் அவள் வேலை. படிப்பு பள்ளியில் ஐந்தாம் படிவத்தோடு நின்றுபோனது. ஆனாலும் வருகிறவர்களில் பாதிப் பேர் அவளைத் தாதி என்று நினைத்து "மிஸ்ஸி" என்றுதான் கூப்பிடுவார்கள். அவளும் திருத்தமாட்டாள்.

கண்புரை அறுவை செய்துகொண்டவர்கள், சில வாரம் கழித்து வரும்போது மிச்ச மருந்தைக் கவுண்டரில் வைப்பார்கள். "இனி வேண்டாம், தூக்கிப் போட்டுடுங்க" என்பார் டாக்டர் காமினி. பாதிகூடத் தீராத குப்பிகள். போட மோனிக்காவுக்கு மனசு வராது. ஒன்றிரண்டைக் கைப்பையில் வைத்துக்கொள்வாள். வீணாகப் போவதைத்தானே எடுக்கிறோம் என்பது அவள் எண்ணம்.

எல்லாம் கணவன் கிளிஃபர்டுக்காக. அவன் பட்டர்வொர்த் துறைமுகக் கிடங்கில் சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறவன். தூசியும் டீசல் புகையும் பட்டு, வீடு வரும்போது கண் இரண்டும் செக்கச்செவேலென்று இருக்கும். முதல்முறை அவள் மருந்து விட்ட மறுநாளே கண் வெளுத்துவிட்டது.

"என்ன மருந்துலா இது? மேஜிக் மாதிரி இருக்கு!"

"ஆபரேஷன் பண்ண கண்ணுக்கே விடுறதுங்க. உங்க கண்ணை என்ன செஞ்சிடப் போகுது?"

"டாக்டரம்மா சொன்னா சரிதான்," என்று அவளைக் கிண்டல் செய்தான் கிளிஃபர்ட்.

அப்படியே அது பழக்கமாகிவிட்டது. குப்பி தீர்ந்தால் அடுத்த குப்பி வந்தது. இரண்டு வருடத்துக்கு மேல் ஓடியது.

ஒருநாள் கிடங்கில், பக்கவாட்டில் நடந்து வந்த ஷஃபீக் என்ற கூட்டாளியை கிளிஃபர்ட் வண்டியால் இடிக்கப் போனான். ஷஃபீக் துள்ளி விலகியதால் கால் தப்பியது. "கண்ணை எங்க வச்சிட்டு ஓட்டுறீங்க அண்ணே?" என்று அவன் கத்தினான். கண் பரிசோதித்துச் சான்று கொண்டுவரும்வரை வண்டியைத் தொடக்கூடாது என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

மோனிக்காதான் அவனைத் தன் கிளினிக்குக்கு அழைத்து வந்தாள். பார்வை எவ்வளவு தூரம் விரிகிறது என்று பார்க்கும் கருவியில் அவளே உட்கார வைத்தாள். கிண்ணம் போன்ற அதற்குள் முகத்தை வைத்து நடுப்புள்ளியையே பார்க்க வேண்டும். ஓரங்களில் வெளிச்சம் மின்னும்போதெல்லாம் கையிலிருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும்.

இடது ஓரத்தில் மின்னியது. பொத்தான் சத்தம் கேட்கவில்லை. மேலே மின்னியது. கேட்கவில்லை.

"தூங்கிட்டீங்களா? அழுத்துங்கலா."

"எதை அழுத்துறது? ஒண்ணுமே வரலையே. மெஷின் ரோசாக்கா?"

மெஷின் கெட்டுப்போகவில்லை. அடுத்தடுத்து வெளிச்சம் வந்துகொண்டிருந்ததை மோனிக்கா திரையில் பார்த்தாள். அவன் கை அசையவே இல்லை.

டாக்டர் காமினி கண் அழுத்தத்தை அளந்தார். மறுபடியும் அளந்தார்.

"நரம்பு பாதிக்கு மேல போயிடுச்சு அண்ணே. போன பார்வை திரும்ப வராது. இருக்கிறதைத்தான் காப்பாத்த முடியும். ரொம்ப நாளா ஏதாவது சொட்டு மருந்து விட்டீங்களா? குலுக்கி விடுற வெள்ளை மருந்து? அதுல ஸ்டீராய்டு இருக்கும். ஆபரேஷனுக்கு அப்புறம் கொஞ்ச நாளைக்குத்தான் கொடுப்போம். வருஷக்கணக்கா விட்டா இப்படி ஆயிடலாம்."

மோனிக்கா வீட்டுக்குக் கொண்டுபோனதும் அந்த வெள்ளை மருந்தைத்தான். சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தாள்.

"தாய்லாந்து போனப்போ ஒரு கடையில வாங்கினேன் டாக்டர்," என்றான் கிளிஃபர்ட். "இவளுக்குத் தெரியாது."

டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். "வீட்டுக்காரம்மா கண் கிளினிக்ல வேலை செய்யுறாங்க. ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

வெளியே வந்ததும் மோனிக்கா அழுதாள். "எனக்காகவா பொய் சொன்னீங்க?"

"உனக்காகவா? என் வேலை போச்சு. உன் வேலையும் போனா சோத்துக்கு எங்க போறது?" அவன் அவள் கையைப் பிடிக்காமல் சுவரைத் தடவிக்கொண்டே நடந்தான்.

அதன் பிறகு டாக்டர் காமினி வருகிறவர்களையெல்லாம் எச்சரிக்க ஆரம்பித்தார். "கண்ட மருந்தையும் விடாதீங்க. நம்ம மோனிக்கா அக்கா வீட்டுக்காரரையே பாருங்க, கடையில வாங்கி ஊத்தி கண்ணைக் கெடுத்துக்கிட்டார். அப்படித்தானே அக்கா?" முதல் தடவை மோனிக்கா தலையை மட்டும் ஆட்டினாள். போகப் போக வாய்திறந்து "ஆமாம்" என்றாள்.

கிளிஃபர்ட் மறுபரிசோதனைக்கு வந்து வரிசையில் உட்கார்ந்திருந்த அன்று, பணம் கட்ட வந்த ஒரு பெண்மணி கவுண்டரில் பரிதாபப்பட்டாள்.

"பாவம் மிஸ்ஸி நீங்க. இப்படியும் ஒரு முட்டாள் மனுஷன் இருப்பாரா?"

"என்னம்மா செய்யுறது," என்றாள் மோனிக்கா. "சொன்னா கேக்கமாட்டார்."

சொன்ன பிறகுதான் அவன் இருப்பது நினைவுக்கு வந்து நிமிர்ந்தாள். பக்கவாட்டில் இருந்த மோனிக்காவைப் பார்க்க, கிளிஃபர்ட் உடம்பையே திருப்பவேண்டியிருந்தது. திருப்பினான். அவன் முறை வந்து, பெயரைச் சொல்லி அவள் கூப்பிடும்வரை அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.