மை பூசினால் வுழு கூடுமா?

வாக்காளர் இடாப்புக்குப் பேர் சேர்க்கிற வேலைக்குப் படிப்புக் கொஞ்சம் குறைந்தாலும் சமாளிக்கலாம், தேத்தண்ணி தாங்குகிற வயிறு இல்லாவிட்டால் சமாளிக்கவே ஏலாது. ஒரு வீட்டில் குடித்துவிட்டு அடுத்த வீட்டில் வேண்டாம் என்றால் முடிந்தது கதை. அந்த வீட்டிலிருந்து ஒரு பேரும் கிடைக்காது. பாடசாலை அபிவிருத்திச் சங்கம், மரண உதவிச் சங்கம், மாதர் சங்கம் என்று எதிலாவது மாட்டிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கியிருக்கிறீர்களா? அப்போ நீங்களும் எங்கட ஆள்தான். கதிரையை இழுத்துப் போட்டு இருங்க, சொல்றேன்.

யுத்தம் முடிந்து சில வருஷத்தில் கற்பிட்டியில் எங்கட மாதர் சங்கம் இந்த வேலையைத் தலையில் போட்டுக்கொண்டது. தலை என்றால் என்னுடைய தலை. கூட வந்தவள் பக்கத்துத் தலவில ஊர்க்காரி ஸ்டெல்லா. என்னைவிடப் பத்து வயது இளையவள், சிங்களம் அவளுக்குத் தண்ணி பட்ட பாடு. கந்தோர்களில் அவள் கதைப்பாள், வீடுகளில் நான் கதைப்பேன். திரிந்த திரிச்சலில் சனம் எனக்கு 'இடாப்பு ராத்தா', அதாவது இடாப்பு அக்கா, என்று பேரே வைத்துவிட்டது.

பெட்டி கேட்கப் போன கதை

சங்குவாடி என்று ஒரு மணல்திட்டு. களப்புக்கு, அதுதான் கடலோர ஏரிக்கு, அந்தப் பக்கம், உச்சமுனைக்குப் போகிற வள்ளக்காரர் போகிற வழியில் இறக்கிவிடுவார். மீன்பிடி, கருவாடு, அவ்வளவுதான் தொழில். கிணற்றில் உப்புத் தண்ணி. குடிக்கிற தண்ணிக்குப் பெண்கள் வள்ளத்தில் இந்தக் கரைக்கு வந்து கேனில் நிரப்பிக்கொண்டு போகவேண்டும். விருந்தாளிக்குத் தேத்தண்ணி ஊற்ற அந்தத் தண்ணி போதாதபோது கிணற்றுத் தண்ணியும் கலக்கும். சங்குவாடித் தேத்தண்ணியை ஒருதரம் குடித்தவர் ஆயுசுக்கும் மறக்கமாட்டார். சீனி எவ்வளவு போட்டாலும் கடல்தான் முன்னுக்கு நிற்கும்.

தேர்தல் வந்தால் வாக்குச் சாவடியும் இந்தக் கரைப் பள்ளிக்கூடத்தில்தான். வள்ளமெல்லாம் ஆண்களால் நிறைந்துவிடும், பெண்கள் பிள்ளைகளோடு அங்கேயே நின்றுவிடுவார்கள். வேட்பாளர்களும் வள்ளத்துறையில் ஆண்களைக் கட்டிப்பிடித்து, வலை தாறோம் எஞ்சின் தாறோம் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். தண்ணியைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. தண்ணி சுமக்கிறவர்களுக்கு வோட்டில்லையே!

இதை எனக்கு விளங்கவைத்தவள் கைருன்நிஸா. கருவாடு காயவைக்கிறவள், நாலு பிள்ளைகளின் தாய். முதல் நாளே என் கையைப் பிடித்து, "ராத்தா, வோட்டுப் பெட்டி எங்கட ஊருக்கு வரணும். பெட்டி வந்தாத்தான் தண்ணி வரும்" என்றாள். மறுகா என்ன, நானும் ஸ்டெல்லாவும் புத்தளத்துக்கு பஸ் ஏறித் தேர்தல் கந்தோருக்குப் போனோம். அங்கே இருந்த பெரியவர் சிங்களவர். பட்டியலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, சங்குவாடியில் பேர் மிச்சம் குறைவு, இவ்வளவுக்கெல்லாம் சாவடி போட ஏலாது என்று ஸ்டெல்லாவிடம் சிங்களத்தில் சொன்னார். என் முகம் விழுந்ததைப் பார்த்தாரோ என்னவோ, என் பக்கம் திரும்பித் தன் அரைகுறைத் தமிழில் சொன்னார்: "மிஸ், நீங்க பேர் கொண்டுவாங்க. பெட்டி நான் கொண்டுவாறன்."

வீட்டு இலக்கம்

படிவத்தில் முதல் கேள்வியே வீட்டு இலக்கம். சங்குவாடியில் எந்த வீட்டுக்கு இலக்கம் இருந்தது? ஆனாலும் ஆண்கள் எல்லோரும் டக்டக்கென்று ஒரு நம்பரைச் சொன்னார்கள். எழுத்தும் இலக்கமுமாக நல்ல நீளமான நம்பர். எனக்கு ஒரே சந்தோஷம், மாஷா அல்லாஹ், இவ்வளவு ஒழுங்கான ஊரா என்று எழுதித் தள்ளினேன். படிவத்தைக் கிராம சேவகரிடம் கொடுத்தால், மனுஷன் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "இதெல்லாம் வள்ளத்துப் பதிவு நம்பர். இந்த வீடுகள் மிதக்குதா?" என்று கேட்டார். ஸ்டெல்லா அந்தப் பக்கம் திரும்பிச் சிரிக்கிறாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

அடுத்த நாளே ஒரு டின் பெயின்டும் தூரிகையுமாக வள்ளம் ஏறினேன். எங்களை ஏற்றிப்போகிறவர் நிஸார் நானா; அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம். ஊரிலே வாய் கூடினவர் அவர்தான். கிராம சேவகர் எழுதித் தந்த ஒழுங்கின்படி ஒவ்வொரு கதவிலும் நான் நம்பர் எழுதிக்கொண்டு வர, நானா பின்னாலேயே வந்தார். அவர் வீட்டுக் கதவில் எழுதி முடித்ததும் காயாத நம்பரை விரலால் தொட்டுப் பார்த்தார். பகிடி விடப்போகிறார் என்று நினைத்தேன். குரல் ஏனோ இறங்கிப்போய் இருந்தது. "வள்ளத்துக்கு நம்பர் அடிச்சா நேவி பாக்கும். வூட்டுக்கு அடிச்சா யாரு ராத்தா பாக்கப் போறா?"

மனைவியின் பேர்

நம்பர் சரி, இனிப் பேர். நிஸார் நானா வீட்டிலேயே தொடங்கினோம். தன் பேர், வாப்பாவின் பேர், பிறந்த திகதி எல்லாம் ஒப்புவித்தார். மனைவி பேர் என்ன நானா என்றேன். "அவ... மகள்ட உம்மா" என்றார். அது எனக்கும் தெரியும், அடையாள அட்டையில் என்ன பேர் என்றேன். மனுஷன் தலையைச் சொறிகிறார், கூரையைப் பார்க்கிறார். வீட்டில் 'இஞ்ச பாருங்க', வெளியில் 'மகள்ட உம்மா', வள்ளத்தில் 'எங்கட வூட்டுல'. இந்த மூன்றுதான் அவருக்குத் தெரிந்த பேர்கள்.

கடைசியில் குசினிப் பக்கம் பார்த்து, "இஞ்ச பாருங்க, ஒங்கட பேரென்ன?" என்று சத்தம் போட்டார். சட்டி கழுவுகிற சத்தம் நின்றது. ஐனுல் மர்ளியா, இருபது வருஷமாக அவரோடு குடும்பம் நடத்துகிறவள், முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். என் கையிலிருந்த பேனையை வாங்கினாள். தன் பேரைத் தானே எழுதினாள், முத்து முத்தான எழுத்து. எழுதி முடித்துப் புருஷனைப் பார்த்துக் கேட்டாள்: "அப்ப நிக்காஹ்ல யாரயாம் 'ஏத்துக்கொண்டேன், கபூல்' எண்டு செல்லின?"

இரண்டு ஊர்க்காரி

பேர்கள் வந்து குவிந்தன. எங்களைவிட வேகமாகச் சேர்த்தவள் கைருன்நிஸாதான். கருவாட்டுப் பாயைச் சுருட்டி வைத்துவிட்டுக் குடிசை குடிசையாக ஓடுவாள். ஆனால் தன் பேரை மட்டும் தரமாட்டாள். இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே இருந்தாள். ஒருநாள் நான் பொறுமை இழந்து ஏசிவிட்டேன். ஊரையெல்லாம் எழுதவைக்கிறாய், உன் பேருக்கு மட்டும் என்ன வந்தது என்று. அப்போதுதான் சொன்னாள். தொண்ணூறில் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றினபோது, மன்னாரிலிருந்து விரட்டுப்பட்டு வரும்போது அவளுக்குப் பத்து வயது. கண்ணை மூடி மௌத்தாகும் வரைக்கும் அவள் வாப்பா சொன்னது ஒன்றே ஒன்று: இங்கே பேர் எழுதினால் அங்கே பேர் போய்விடும், ஊரும் போய்விடும். "எனக்குப் பதினெட்டானதும் வாப்பா போட்ட பேர் மன்னார் இடாப்புல இரிக்கி ராத்தா" என்றாள். எனக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளவேண்டும் போல் இருந்தது.

மன்னாருக்குத் திரும்பிப் போயிருந்த அவளுடைய மாமா ஒருவர் மூலம் அங்கே விசாரித்தோம். அந்த இடாப்பில் அவள் பேர் இல்லை. அவள் வாப்பாவின் பேரும் இல்லை. வந்த செய்தியை நான்தான் அவளுக்குச் சொல்லவேண்டியதாய்ப் போயிற்று. சொல்லும்போது என் கண்ணில்தான் தண்ணி வந்தது, அவள் அழவில்லை. பேரை எழுதினால் ஊர் போகாது, மன்னார்க் காணியின் உறுதிக்கடுதாசி உன்னிடம்தானே இருக்கிறது என்றேன். அவள் படிவத்தைத் தன் பக்கம் இழுத்தாள். "அங்கயும் இல்ல, இங்கயும் இல்ல. அப்ப இவ்வளவு காலமும் தண்ணிக் கேன் தூக்கினது யாரு ராத்தா?"

மை

பேர் ஏறியது, இடாப்பு வந்தது, பிரதேச சபைத் தேர்தலும் வந்தது. சங்குவாடிக்குச் சாவடி உண்டு என்று கடிதமும் வந்தது! ஸ்டெல்லா தலவிலத் தேவாலயத்து அன்னம்மாவுக்கு மெழுகுதிரி நேர்ந்துவிட்டாள். நான் ரெண்டு நோன்பு நேர்ந்தேன். இனி என்ன குறை என்று நினைத்த நேரம்தான் ஆமினா மாமி தலையில் கல்லைத் தூக்கிப் போட்டார். பெண்பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுக்கிறவர், ஊரில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. "நகத்துக்குப் பாலிஷ் பூசினா தண்ணி உள்ளுக்குப் போகாது, தொழ முந்திக் கை கால் கழுவுற வுழுக் கூடாது, செல்லுபடியாகாது, தொழுகையும் கூடாது. வோட்டுப் போட்டா சின்ன விரல் நகத்துல மை பூசுறாங்க. கழுவினாலும் போகாதாம். அத்தன நாளும் தொழாம இரிக்கிறதா?" என்று கேட்டார். பெண்களெல்லாம் தங்கட சின்ன விரலைப் பார்த்துக்கொண்டார்கள். கைருன்நிஸாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

எனக்கு மார்க்கச் சட்டம் தெரியாது, வாதாடவும் போகவில்லை. போனை எடுத்துக் கற்பிட்டிப் பள்ளிவாசல் ஹஸ்ரத்துக்கு அடித்து, ஸ்பீக்கரைப் போட்டு மாமியிடம் நீட்டினேன். பெண்கள் எல்லாரும் சுற்றி நின்றார்கள். மருதோன்றிச் சாயம் மாதிரி மையும் தண்ணியை மறிக்காது என்று ஹஸ்ரத் விளக்கம் சொல்லத் தொடங்க, மாமி விடவில்லை, குறுக்குக் கேள்வி கேட்டார். "ஹஸ்ரத், போன தேர்தல்ல நீங்க வோட்டுப் போட்டயா?" போட்டேன் என்றார் ஹஸ்ரத். "மை பூசினாங்களா?" பூசினார்கள் என்றார். "அடுத்த நாள் விடியச் சுபஹுத் தொழுகைக்கு நீங்கதானே தொழுவிச்ச?" அந்தப் பக்கம் சின்னதாக ஒரு சிரிப்பு, பிறகு ஓம் மாமி என்ற பதில். ஆமினா மாமி போனை என்னிடம் திருப்பித் தந்துவிட்டுப் பெண்களைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னார்: "ஒண்டு, கற்பிட்டி ஆம்புளைகள்ட தொழுகையெல்லாம் கூடாது. இல்லாட்டி எங்கட விரலுக்கு ஒண்டும் ஆகாது. எது எண்டு நீங்களே செல்லுங்க!"

வேட்பாளருக்குத் தேத்தண்ணி

சாவடி வருகிறது என்ற செய்தி எப்படித்தான் பரவியதோ, வேட்பாளர்கள் சங்குவாடிக்கே வரத் தொடங்கினார்கள். முதலாவதாக வந்தவர் வெள்ளைச் சேட்டும் கறுப்புக் கண்ணாடியுமாக மணலில் இறங்கி, ஆண்களெல்லாம் எங்கே என்று கேட்டார். கைருன்நிஸா தலைமறைப்பைச் சரிசெய்துகொண்டு முன்னுக்கு வந்தாள். கடலுக்குப் போய்விட்டார்கள், எங்களோடு கதையுங்கள், இடாப்பில் பெண்கள் நாங்கள்தான் கூடுதல் என்றாள். அவருக்கு ஒரு கதிரை போட்டார்கள். தேத்தண்ணி வந்தது. அன்றைக்கு இந்தக் கரைத் தண்ணி ஒரு துளியும் கலக்காமல், சுத்தமான சங்குவாடிக் கிணற்றுத் தண்ணியில் ஊற்றியிருந்தார்கள்.

ஒரு மிடறு வாயில் எடுத்தார். கண்ணாடியைக் கழற்றினார். துப்பவும் ஏலாது, விழுங்கவும் ஏலாது, சுற்றிவர வோட்டு! நான் வாயைப் பொத்திக்கொண்டு வேலிக்குப் பின்னால் ஓடிவிட்டேன். அவருக்குப் பிறகு வந்த அத்தனை பேருக்கும், எந்தச் சின்னமாக இருந்தாலும் சரி, அதே கிணறு, அதே கோப்பை. ஒருவருக்கும் வித்தியாசம் காட்டவில்லை. இது எவளுடைய யோசனை என்று கைருன்நிஸாவிடம் கேட்டேன். "யார் வெண்டாலும் எங்கட தேத்தண்ணியக் குடிச்சவராத்தான் இரிக்கணும் ராத்தா."

பெட்டி வந்த வள்ளம்

தேர்தல் நாள் விடியக் காற்று எழும்பியிருந்தது. வள்ளம் வராதோ என்று ஸ்டெல்லா ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள். வந்தது! ஒரு பொலிஸ்காரர் பெட்டியைப் பிள்ளையை வைத்திருக்கிறது மாதிரி மடியில் அணைத்துப் பிடித்திருந்தார். முன்னுக்கு இருந்தவர் அதே தேர்தல் கந்தோர்ப் பெரியவர், காற்சட்டையை முழங்கால் வரை மடித்துவிட்டுத் தண்ணியில் இறங்கினார். என்னைக் கண்டதும் கையை உயர்த்தி, "மிஸ், கொண்டுவந்தன்!" என்றார்.

பெண்கள் வரிசை சாவடியாக்கின ஓலைக் கொட்டிலைச் சுற்றி வளைந்து வள்ளத்துறை வரைக்கும் நின்றது. ஆமினா மாமிதான் முதல் ஆள். வெளியே வந்து மை பூசின விரலைத் தூக்கிக் காட்டியதும் வரிசையே சிரித்தது. உள்ளே ஒவ்வொரு பேரையும் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி உரக்க வாசிப்பார்கள். ஐனுல் மர்ளியா என்று வாசித்தபோது வெளியே நின்ற நிஸார் நானாவை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மனுஷன் வெட்கப்பட்டுக்கொண்டே தலையை ஆட்டினார். கைருன்நிஸாவின் முறை வந்தது. "மொஹமட் ஹனீபா கைருன்நிஸா!" என்று எழுத்தர் வாசித்தார். அவள் அசையவில்லை. வாப்பாவின் பேரோடு சேர்த்து அவள் பேரை ஒரு அரசாங்க ஆள் சத்தமாகச் சொல்லி அவள் கேட்டதே இல்லை. எழுத்தர் நிமிர்ந்து பார்த்தார். நீங்கள்தானே, முன்னுக்கு வாங்க என்றார். அவள் ஒரு அடி எடுத்துவைத்துக் கேட்டாள்: "இன்னொருக்கா செல்லுங்க சேர்."

வென்றவர் யாரென்று கேட்காதீர்கள், கைருன்நிஸா சொன்னபடியே அந்தத் தேத்தண்ணியைக் குடித்தவர்தான். அடுத்த மழைக்கு முன்னால் சங்குவாடியில் பெரிய தண்ணித் தாங்கி வைத்தாயிற்று, கிழமைக்கு ரெண்டுதரம் சபைப் படகு நல்ல தண்ணி கொண்டுவந்து நிரப்புகிறது. போன முறை நான் போனபோது கைருன்நிஸா ஊற்றித் தந்த தேத்தண்ணியில் சீனி மட்டும்தான் இருந்தது, கேட்டு வாங்கி இன்னொரு கோப்பையும் குடித்தேன். இத்தனை வருஷம் வீடு வீடாக ஏறி இறங்கி நான் படித்த அரசியல் இவ்வளவுதான்: இடாப்பில் பேர் ஏறினால் தேத்தண்ணியில் உப்பு இறங்கும்.