லில்லியிடம் கேட்ட கேள்வி

இன்று கோவில்பட்டியில் புருவம் திருத்தப் போயிருந்தேன்.

பார்லரில் காத்திருந்த ஓர் அக்கா, போனில் காமெடி வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார். மேடையில் ஒருவன் வடகிழக்கு மக்களை “சைனா மாடல்” என்றான். அக்கா விழுந்து விழுந்து சிரித்தார்.

எனக்கு நூலால் புருவம் திருத்திக்கொண்டிருந்த லில்லி மிசோரத்துப் பெண். தமிழ் நன்றாகவே புரியும்.

“இப்படிப் பேசுறது தப்புக்கா” என்றேன்.

“சும்மா சிரிக்கதுக்குச் சொல்லுதான். இதுல என்னம்மா தப்பு? ஏட்டி லில்லி, நீயே சொல்லு, உனக்குக் கோவமா வருது?”

நூலின் ஒரு முனை லில்லியின் பல்லில் இருந்தது. அவள் எப்படிப் பதில் சொல்வாள்?

“பாத்தியளா, அவளே ஒண்ணும் சொல்லல. இவியளுக்குத்தான் பொத்துக்கிட்டு வருது!”

பார்லரே சிரித்தது. என் புருவத்தில் நூல் கொஞ்சம் அழுத்தி இழுத்தது.

வேலை முடிந்து நூலைக் கீழே வைத்தாள். இப்போது அவளால் பேச முடியும். யாரும் கேட்கவில்லை, நானும்தான்.

“கண்ணாடி பாருங்கக்கா. ரெண்டும் ஒண்ணு போல இருக்கா?”

“நல்லாருக்கு லில்லி” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அவளுக்காக வாதாடியதாகத்தான் படியிறங்கும்வரை நினைத்திருந்தேன்.

புருவம் வளர்ந்ததும் மறுபடி அங்கேதான் போக வேண்டும். அவளிடம் எப்படிப் பேச்செடுப்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.