பிள்ளையார்பாளையத்தில் ஒரு கைத்துப்பாக்கிக் கயிறு

1969, ஆவணி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. காலை ஆறே முக்காலுக்குப் பாரிமுனையில் காஞ்சிபுரம் பஸ் ஏறினேன். டிக்கெட் இரண்டு ரூபாய் பத்துப் பைசா. தூரம் எழுபத்தைந்து கிலோமீட்டர். தோல் பையில் ஓர் அளவு நாடா, ஒரு பூதக்கண்ணாடி, ஒரு கடிதம்.

கடிதத்துக்கு முன் என் கிறுக்கைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்துப் பட்டாளக் கைத்துப்பாக்கிகளின் பிடியில் ஒரு வளையம் இருக்கும். அதில் ஒரு கயிற்றைக் கோத்து, மறுமுனையைக் கழுத்திலோ தோளிலோ மாட்டிக்கொள்வார்கள். கை நழுவினாலும் துப்பாக்கி தரையில் விழாது. அந்தக் கயிறுகளைத்தான் நான் சேர்க்கிறேன். துப்பாக்கிக்கு லைசன்ஸ் வேண்டும். கயிற்றுக்கு யாரும் கேட்பதில்லை. மனைவி போய் ஆறு வருஷம் ஆகிறது. ஏன் இந்தக் குப்பை என்று கேட்க வீட்டில் ஆளில்லாததால் அறுபத்திரண்டு சேர்ந்துவிட்டன.

அடையாளம் காண்பது லேசான காரியமில்லை. விசில் கயிறு மெல்லியது, குட்டை. கைத்துப்பாக்கிக் கயிறு பென்சில் பருமனில் உருண்டையாகப் பின்னியிருக்கும். மேலும் கீழும் நகர்த்துகிற இரண்டு முடிச்சுகள் இருக்கும். இவ்வளவு தெரிந்த நானே ஒருமுறை ஜன்னல் திரை கட்டுகிற கயிற்றைக் கேப்டன் கயிறென்று நம்பி ஏழு ரூபாய் தண்டம் அழுதிருக்கிறேன்.

கடிதம் பிள்ளையார்பாளையத்திலிருந்து வந்தது. பத்திரிகையில் நான் கொடுத்திருந்த சிறு விளம்பரத்தைப் பக்கத்து வீட்டுப் பெண் படித்துக் காட்ட, கன்னியம்மாள் என்கிற அம்மாள் எழுதச் சொன்னது. "எங்கள் வீட்டில் ஒரு கயிறு இருக்கிறது. விற்பதற்கில்லை. யாருடையது என்று பார்த்துச் சொன்னால் போதும்." விற்பதற்கில்லை என்றவர்கள் பலர் கடைசியில் என்னிடம் விற்றிருக்கிறார்கள். அந்தத் தைரியத்தில்தான் புறப்பட்டேன்.

பூந்தமல்லி தாண்டியதும் பக்கத்து இருக்கைக்காரர் பேச்சுக் கொடுத்தார்.

"பொடவை எடுக்கவா சார்?"

"இல்லை. ஒரு கயிறு பார்க்க."

"தாலிக்கா?"

"துப்பாக்கிக்கு."

அவர் ஜன்னல் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தார். காஞ்சிபுரம் வரை அப்புறம் பேச்சில்லை. எனக்கு இது பழக்கம்தான் என்றாலும், அன்றைக்கு என்னவோ வலித்தது.

ஒன்பதே காலுக்கு இறங்கினேன். சைக்கிள் ரிக்‌ஷா ஐம்பது பைசா. பிள்ளையார்பாளையத்துக்குள் நுழைந்ததும் ரிக்‌ஷாக்காரர் பிரேக் போட்டார். "பாவு விரிச்சிருக்காங்கோ சார். இதுக்கு மேல வண்டி போவாது. எறங்கி ஓரமா நடந்துக்கினு போங்க." தெரு நீளத்துக்குச் சிவப்புப் பட்டிழைகளை இழுத்துக் கட்டியிருந்தார்கள். வீட்டுக்கு வீடு தறிச் சத்தம். ஊரே வேலையில் இருக்க, நான் ஒருவன் மட்டும் பையோடு சுவரை உரசிக்கொண்டு நடந்தேன்.

கன்னியம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கலாம். நெற்றியில் பெரிய குங்குமம். உள்ளே ஒரு தறி, ஒரு பாய், ஒரு நாள்காட்டி. வேறு ஆள் யாருமில்லை என்பது அடுப்பிலிருந்த ஒற்றைச் சின்னப் பாத்திரத்தைப் பார்த்ததுமே தெரிந்தது. என் வீட்டிலும் அப்படித்தான்.

பரணிலிருந்து ஒரு துணி மூட்டையை இறக்கிவைத்தார்.

"சண்டை காலத்துல பட்டு நூலு கெடைக்கலைங்க. தறி நின்னு போச்சு. எங்க வீட்டுக்காரரு பட்டாளத்துக்குப் போய்ட்டாரு. பர்மா பக்கம் காணாப் போனாருன்னு கடுதாசி வந்துச்சு, பின்னாலயே இந்த மூட்டை. எங்க மச்சாண்டாரு பிரிச்சுப் பாத்துட்டு, இது ஆபீசருங்க மாட்டுற கயிறு, தம்பிக்கு ஏது துப்பாக்கி, சாமான் மாறி வந்துக்கீதுன்னாரு."

"அன்றிலிருந்து?"

"நான் தொடலைங்க. வேற ஒரு பொம்பளையோட புருசன் சாமானு. சாமான் மாறிச்சுன்னா கடுதாசியும் மாறியிருக்கும் இல்ல? அந்தம்மா யாருன்னு நீங்க சொன்னா குடுத்துடலாம்."

எனக்கு அப்போதுதான் நான் எதற்கு வரவழைக்கப்பட்டிருக்கிறேன் என்று புரிந்தது. கணவர் உயிரோடிருக்கிறார் என்பதற்கு அந்த அம்மாளிடம் இருந்த ஒரே சாட்சி இந்தக் கயிறு.

பிரித்தேன். காக்கிப் பருத்தி, உருண்டைப் பின்னல், நகரும் முடிச்சு இரண்டு. அசல் கைத்துப்பாக்கிக் கயிறு. மச்சாண்டார் சொன்னது தப்பு என்று சொல்லத்தான் வேண்டியிருந்தது. ஆபீசர்கள் மட்டுமல்ல, மோட்டார் சைக்கிளில் செய்தி கொண்டுபோகும் சிப்பாய்களும் கைத்துப்பாக்கி வைத்திருந்தார்கள். "அதனால் இது உங்கள் வீட்டுக்காரருடையதாகவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்" என்றேன். அந்த அம்மாள் முகத்தில் கொஞ்சம் நிம்மதி தெரிந்தது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். சேகரிப்பவன் புத்தி விடவில்லை. பூதக்கண்ணாடி வழியே கயிற்றில் ஒரு பழுது கண்ணில் பட்டது. கயிறு ஓரிடத்தில் அறுந்து, யாரோ ஒட்டுப் போட்டிருந்தார்கள். ஒட்டுப் போட்ட கயிற்றுக்கு மதிப்புப் பாதிதான். "சீ, கை வைத்துக் கெடுத்திருக்கிறான் பாருங்கள்" என்று நீட்டினேன். "ஆனால் கெட்டிக்காரன். ஒரு முடிச்சுக்கூட இல்லை."

கன்னியம்மாள் முதன்முறையாக அதைக் கையில் வாங்கினார். கண்ணாடி அவருக்குத் தேவைப்படவில்லை. கட்டைவிரலால் தடவினார். தறியில் பழைய பாவு தீர்ந்ததும் அதன் நுனியோடு புதுப் பாவை ஒவ்வோர் இழையாகச் சாம்பல் தொட்டுத் திரித்துச் சேர்ப்பது அந்தத் தெருவின் வேலை. இந்தக் கயிற்றிலும் ஒவ்வோர் இழையும் அப்படித்தான் திரித்துச் சேர்க்கப்பட்டிருந்தது.

"பாவு பிணைக்கிற கை" என்றார். முறுக்கின் போக்கில் மறுபடியும் விரலை ஓட்டிப் பார்த்து, "எல்லாரும் வலது கையால திரிப்பாங்கோ. இது எதிர்ப்பக்கம் முறுக்கியிருக்குது. அவருக்கு இடது கைங்க."

அழவில்லை. தெருவில் யாரோ பாவைச் சுருட்டிக்கொண்டு போனார்கள். இருபத்து நாலு வருஷத்துக்கு மேலாக உயிரோடிருந்த ஒரு மனிதரை ஒரு பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு நான் கொன்றுவிட்டேன். என்னை நானே திட்டிக்கொண்டேன். விலை கேட்க நினைத்த வாய் அதோடு மூடிக்கொண்டது.

பதினொன்றரை மணிக்கு நான் எழுந்தபோது அவர் கேட்டார். "இன்னைக்கி என்னா திதிங்க?"

நாள்காட்டியைப் பார்த்தேன். "வளர்பிறை தசமி."

"அவரு போன நாளு தெரியாது. எனக்குத் தெரிஞ்ச நாளு இன்னைக்கித்தானே. இதையே வச்சிக்கிறேன். திதின்னா சாப்புட ஒருத்தராவது வரணும். இருந்துட்டுப் போங்க."

ஒரு மணிக்கு இலை போட்டார். முதல் பிடி சோற்றைக் காக்கைக்கு வைத்துவிட்டு வந்து எனக்குப் பரிமாறினார். சாம்பார், வாழைக்காய்ப் பொரியல், பாயசம். ஆறு வருஷமாகச் சமைத்தவனே சாப்பிடுகிற சாப்பாடு என்னுடையது. இன்னொருவர் பக்கத்தில் நின்று சோறு போடும்போது போதும் என்று கை காட்டவே மறந்துவிட்டேன்.

"அவருக்கு வேற யாரும் இல்லைங்க" என்றார் வாசலில். "அடுத்த வருசமும் வந்துடுங்க."

நாலு மணி பஸ்ஸுக்கு இருபது நிமிஷம் இருந்தது. சென்னையில் நான் எந்த நாளில் வந்தாலும் போனாலும் கவலைப்பட ஒருவரும் இல்லை. பஸ் நிலையத்துப் புத்தகக் கடையில் அடுத்த ஆவணி வளர்பிறை தசமி என்ன கிழமையில் வருகிறது என்று விசாரித்தேன். அடுத்த வருஷத்துப் பஞ்சாங்கம் இன்னும் அச்சாகவில்லை என்றார் கடைக்காரர்.