தொட்டியில் முளைத்த புல்

விதையைத் தூவினால் வெங்காயத்தாள் தானாக வரும் என்று வீடியோவில் சொன்னவரை எங்கள் சுரங்க ஊரான ஊரிகத்துக்கு ஒருமுறை அழைத்து வரவேண்டும்.

முதலில் போட்டது பழைய விதை, முளைக்கவே இல்லை. அடுத்து போட்டதை மழை மண்ணோடு அடித்துக்கொண்டு போனது. இந்த முறைதான் ஒருவழியாகத் தலைமுடி போலப் பச்சையாக எழும்பியிருந்தது.

இன்று மாலை வேலை முடிந்து பெங்களூர் ரயிலிலிருந்து இறங்கி வந்து பார்த்தால் வாசல் தொட்டி மொட்டை.

எங்கள் லைன் வீடுகளில் காலையில் முதலில் துடைப்பம் எடுப்பவர் அடுத்த வாசலையும் சேர்த்தே பெருக்கிவிடுவார். என் வாசலைப் பெருக்குவது பக்கத்து வீட்டு செல்வி அக்கா.

"இன்னாம்மா, தொட்டி பூரா புல்லு மண்டிக் கெடந்துச்சி. நீதான் இருட்டோட ரயிலுக்குப் பூட்றியே. பெருக்கறப்போ நானே புடுங்கிட்டேன்" என்றார்.

குப்பையிலிருந்து ஓர் இழையை எடுத்துக் கசக்கி முகர்ந்தேன். வெங்காயமேதான்.

"தேங்க்ஸ்க்கா" என்றேன். நான் இல்லாத பகலையெல்லாம் பார்த்துக்கொள்பவரிடம் வேறென்ன சொல்வது?

மறுபடி விதைக்கப் போகிறேன். விஷயத்தைச் சொன்னால் அக்கா இனி என் வாசலைத் தொடவே யோசிப்பார். சொல்லாவிட்டால் அதே அன்போடு மறுபடியும் பிடுங்கிவிடுவார்.

நீங்களாக இருந்தால் இரண்டில் எதை வளர்ப்பீர்கள்?