மருதாணிக் கையோடு கேட்ட ஏழாம் பாகம்

அக்காவின் நிக்காஹுக்கு முதல் நாள்தான் ஏழாம் பாகம் எங்கள் வீட்டுக்கு வந்தது. நாகலோகத்து இளவரசி ஒருத்தி சாபத்தால் மனுஷியாகப் பூமியில் அலையும் கதை. நான் எழுத்துக்கூட்டத் தொடங்கிய வயதிலிருந்து வருஷத்துக்கு ஒரு பாகமாக வந்துகொண்டிருந்தது. அத்தாவுக்குத் திருத்துறைப்பூண்டியில் பாத்திரக்கடை. சரக்கெடுக்கத் தஞ்சாவூர் போகும்போது புதுப் பாகத்தை வாங்கி வருவார். முதலில் அக்கா படிப்பாள், பிறகு நான், கடைசியில் அத்தா. இந்தப் பாம்புக் கதையில் அப்படி என்னதான் இருக்கிறது என்று அம்மா அலுத்துக்கொள்வாள்.

அன்று காலையே அக்காவின் இரண்டு கைகளிலும் மருதாணி வைத்துவிட்டார்கள். புத்தகத்தைத் தொட முடியாது. அப்புறம் படிக்கலாமென்றால், கல்யாணம் முடிந்த கையோடு அவள் நாகப்பட்டினத்து மாமியார் வீட்டுக்குப் போயாக வேண்டும். மாப்பிள்ளைக்குத் துபாயில் வேலை. லீவு முடிவதற்குள் என்று பெரியவர்கள் அவசரமாகப் பேசி முடித்த சம்பந்தம். திருவாரூர்க் கல்லூரியில் அக்காவுக்கு இன்னும் ஒரு வருஷம் பாக்கி இருந்தது. அதைப் பற்றி யாரும் பேசவில்லை. அவளும் பேசவில்லை.

என்னை வாசிக்கச் சொன்னாள். சண்டைகளைத் தாண்டித் தாண்டி வாசித்தேன். முதல் பாகத்தில் தொலைந்த அண்ணன் கிடைத்தான். ஓடக்காரனின் சாபம் தீர்ந்தது. ஒரு முடிச்சும் மிச்சமில்லை. கடைசியில் நாகராஜாவும் பூமியின் ராஜாவும், இளவரசி எந்த உலகத்தில் இருப்பது என்று வாதாடுகிறார்கள். அவள் எழுந்து, என்னை யாரும் கேட்கவே இல்லையே என்கிறாள். பிறகு கேட்கிறார்கள். அவள் இரண்டு கிரீடங்களையும் வேண்டாமென்று சொல்லி, ஆற்றங்கரையில் தனக்கென்று ஓர் ஊர் கட்டிக்கொள்கிறாள்.

அந்த இடத்தை அக்கா மறுபடியும் வாசிக்கச் சொன்னாள்.

"நல்லா முடிச்சிருக்காங்க," என்றாள். எழுந்து, வாசலில் பந்தல்காரரோடு நின்றிருந்த அத்தாவிடம் போனாள். நானும் புத்தகத்தோடு பின்னால் போனேன்.

"அத்தா, என்னை யாரும் கேக்கவே இல்லையே."

அத்தா பந்தல்காரரை அப்புறம் வரச் சொன்னார்.

"கேக்காதது தப்புதாம்மா. இப்ப சொல்லு."

கல்யாணம் வேண்டாமென்று அவள் சொல்லவில்லை. படிப்பை முடித்த பிறகுதான் நாகப்பட்டினம் போவேன் என்றாள். அத்தா அங்கேயே நின்று சம்பந்தி வீட்டுக்குப் போன் போட்டார். மாமியாருக்கு மனத்தாங்கல்தான். மாப்பிள்ளை போனை வாங்கி, தான் துபாய் திரும்பிய பிறகு அவள் நாகப்பட்டினத்தில் இருந்து என்ன செய்யப் போகிறாள், படிக்கட்டும் என்று சொல்லிவிட்டார். மறுநாள் நிக்காஹ் நடந்தது. எங்கள் வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய் அக்கா படிப்பை முடித்தாள்.

அன்று வாசலில் நின்ற எனக்கு இதெல்லாம் எட்டவில்லை. அக்கா மேல் கோபமாக வந்தது. அத்தா இன்னும் ஏழாம் பாகத்தைப் பிரிக்கக்கூட இல்லை. அதற்குள் அவரிடம் கதையின் முடிவைச் சொல்லிவிட்டாளே என்று.