மாமனார் மாட்டிய கொம்பு

என் மேசை மேல் ஓர் அலுமினியக் கொம்பு கிடக்கிறது. சாண் நீளம் இருக்காது. அடியில் சைக்கிள் கைப்பிடியைக் கவ்விக்கொள்ள ஒரு வளையம். அந்த வளையம் ஓரிடத்தில் ரம்பத்தால் அறுபட்டுப் பிளந்திருக்கிறது. அறுத்தவள் நான். திருகாணிக் குழிக்குள் இன்னும் கொஞ்சம் குங்குமம் ஒட்டியிருக்கிறது. அதை வைத்தவர் என் மாமனார். இறந்தவர்களைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்பார்கள். எவ்வளவு யோசித்தும் எனக்கு நாலு தேறவில்லை. அதனால் இந்தக் கொம்பைப் பற்றிச் சொல்கிறேன்.

நெசவுக் குடும்பத்தில் பிறந்தும் தறிக்குழியில் ஒரு நாளும் கால் இறக்காதவர் அவர். என் கணவர் தறியில் உட்கார்ந்து நெய்ய, இவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, "அடி சரியா விழலப்பா" என்று காபி குடித்தபடி சொல்லிக்கொண்டிருப்பார். நெசவாளர் சங்கத்தில் ஏதோ பொறுப்பு இருந்தது; அங்கேயும் இதே வேலைதான் பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன். உலகத்தில் அவருக்குத் தெரியாத தொழில் கிடையாது. எங்கள் மிக்சியைப் பிரித்துப் பழுது பார்த்தார். அதற்குப் பிறகு அது ஒரு நாளும் அரைக்கவில்லை. கம்பெனிக்காரன் மட்டமான சாமான் போட்டிருக்கிறான் என்று தீர்ப்புச் சொன்னார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

ஏனாத்தூரில் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் எனக்கு வேலை. பஸ்ஸில் இடிபடப் பிடிக்காமல் ஒரு ஹைபிரிட் சைக்கிள் வாங்கினேன். ரேஸ் சைக்கிளும் அல்லாத, பால்காரர் சைக்கிளும் அல்லாத நடுத்தர வண்டி. கைப்பிடி மட்டும் தடி மாதிரி நேராக இருக்கும். போகும் வழி முழுக்க உள்ளங்கையைக் கவிழ்த்து ஒரே மாதிரி பிடித்திருந்ததில், சில மாதங்களில் சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப்போக ஆரம்பித்தன. ஒரு நாள் மாணவர்கள் முன்னால் கண்ணாடிக் குழாய் கையிலிருந்து நழுவி உடைந்தது. ஆய்வுக்கூடத்தில் கை மரத்துப்போகிறவளை எத்தனை நாள் வைத்திருப்பார்கள்? பயந்துபோனேன். மாமனாருக்கோ சர்க்கரைப் பொங்கல் கிடைத்தது மாதிரி. நான் வேலைக்குப் போவது அவருக்கு முதல் நாளிலிருந்தே பிடிக்கவில்லை. "பொம்பள சைக்கிள் மிதிச்சிக்கினு அவ்ளோ தூரம் போனா கை மட்டுமா போவும்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார்.

விசாரித்ததில் கைப்பிடியின் இரண்டு முனையிலும் மாட்டும் இந்தக் கொம்புகளைப் பற்றித் தெரிந்தது. முன்பக்கமாக, லேசாக மேல்நோக்கிச் சாய்த்து மாட்ட வேண்டும். அவற்றைப் பிடிக்கும்போது கை குலுக்குவதைப் போல மணிக்கட்டு பக்கவாட்டில் திரும்பும். கொஞ்ச தூரம் கைப்பிடி, கொஞ்ச தூரம் கொம்பு என்று மாற்றி மாற்றிப் பிடித்தால் நரம்பு நசுங்காது. வரவழைத்தேன். நான் வேலைக்குப் போயிருந்தபோது பார்சல் வந்தது. அதை வாங்கியவர் மாமனார்.

மறுநாள் ஆயுத பூஜை. நான் அடுக்களையில் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்த நேரத்தில் மனிதர் காரியத்தை முடித்துவிட்டார். வெளியே வந்து பார்த்தால், தறிக்குப் பக்கத்தில் என் சைக்கிள் நிற்கிறது. இரண்டு கொம்புகளும் வானத்தைப் பார்த்துச் செங்குத்தாக நிற்கின்றன. கொம்புக்குக் கொம்பு சந்தனம், குங்குமம், நடுவில் எலுமிச்சம்பழம். பிரதோஷத்தன்று நந்தியின் கொம்புகளுக்கு நடுவே லிங்கத்தைப் பார்ப்போமே, அதே கணக்காம். "நந்தி கொம்பு வெச்சிருக்கேன். இதுக்கு நடுவுல பார்த்துக்கினு போனா ஒரு கொறையும் வராது" என்று கூடியிருந்த சொந்தக்காரர்களிடம் விளக்கிக்கொண்டிருந்தார். அவர்களும் தலையாட்டினார்கள். வந்ததே பொரிக்கும் கடலைக்கும்தான்.

பிடித்துப் பார்த்தேன். மணிக்கட்டு முன்னைவிட மோசமாக மடங்கியது. திருப்பி வைக்கலாமென்றால் திருகாணி அசையவில்லை. அதற்கென்று பார்சலுக்குள்ளேயே இருந்த சாவியைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஸ்க்ரூடிரைவரை வைத்துச் சுத்தியலால் அடித்து முறுக்கியிருக்கிறார். குழி தேய்ந்து வழுக்கையாகிவிட்டது.

"இப்படி மாட்டக் கூடாது மாமா, வலி அதிகமாவுது" என்றேன்.

அவர் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கொம்பு வெச்சும் வலிக்குதுன்னா வலி கைல இல்லம்மா, மனசுல இருக்குது. வேலைய உட்டுட்டு ஊட்ல இரு, தன்னால சரியாப்பூடும்."

நான் கணவரைப் பார்த்தேன். அவர் தறியைப் பார்த்தபடி, "அப்பா சொல்றதும் சரிதான" என்றார்.

எங்கள் வீடுகளில் பூஜைக்கு வைத்த கருவியை மறுநாள் மறுபூஜை முடியும்வரை யாரும் தொடமாட்டார்கள். தறியில் குறுக்கு நூல் கொண்டுபோகும் நாடா ஓடாது, கத்தரி நூல் வெட்டாது. மாமனாரின் இரும்பு ரம்பமும் சந்தனப் பொட்டோடு சாமி முன்னால் படுத்திருந்தது. நான் போய் அதை எடுத்தேன். யாரோ "ஐயோ, தொடாதம்மா" என்றார்கள். வாசலில் உட்கார்ந்து இரண்டு வளையங்களையும் அறுத்தேன். அலுமினியம்தானே, சீக்கிரம் அறுந்துவிட்டது. உருண்டுபோன எலுமிச்சம்பழத்தை மாமனார் குனிந்து பொறுக்கிக்கொண்டார். ரம்பத்தைத் துடைத்து, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, "நாளைக்கு வேலைக்குப் போவேன்" என்றேன். மறுநாள் விடுமுறை என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை. அதற்கடுத்த நாள் போனேன்.

வேறு ஜோடி வாங்கி, சரியான சாவியால் நானே மாட்டினேன். கொஞ்சம் கொஞ்சமாக விரல்களுக்கு உயிர் வந்தது. கதை அதோடு முடிந்திருந்தால் அவரை மன்னித்தாலும் மன்னித்திருப்பேன். ஆனால் அவர் சும்மா இருப்பவரா? "மருமவளுக்கு கையே வெளங்காம போவ இருந்திச்சு. நான்தான் நந்தி கொம்பு வெச்சு சரி பண்ணேன்" என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். என் முன்னாலேயே சொல்வார், நாக்குக் கூடக் கூசாது. சாகும்வரை சொன்னார். காரியத்தன்று வந்தவர்களும் அதையே சொன்னார்கள்: "மருமவ வேலைக்குப் போவணும்னு எவ்ளோ பாடுபட்டாரு மனுஷன்." அருகில் என் கணவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்று மாலையே பரணில் ஏறி, பழைய சாமான் மூட்டையிலிருந்து இந்த அறுந்த கொம்பைத் தேடி எடுத்தேன்.

போன வாரம் என் நாத்தனார் வந்திருந்தார். மேசையில் கிடந்த கொம்பைக் கையில் எடுத்து, குங்குமத்தைத் தடவிப் பார்த்து, "அப்பா ஞாபகமா வெச்சிக்கினு இருக்கியாம்மா?" என்றார்.

"இல்லீங்க அண்ணி," என்றேன், "ஆதாரத்துக்கு."

பிறகு கொம்பை அவர் கையிலிருந்து வாங்கி, அறுந்த பக்கம் மேலே தெரியும்படி வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினேன்.